கார் சைடு மிரரில் எரியும் லைட்: உங்களுக்கா, பக்கத்தில் வரும் பைக்குக்கா? முழு விளக்கம்

மதுரையில் கோரிப்பாளையம், காளவாசல் மாதிரி ஒரு பெரிய சந்திப்பில் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் ரெண்டு பைக், வலது பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் டவுன் பஸ். வழி கிடைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். கார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பக்கத்தில் ஒட்டி நிற்கும் பைக்காரருக்கு எப்படித் தெரியும்? காரின் முன் லைட்டும் பின் லைட்டும் அவர் கண்ணில் படாது. அவருக்குத் தெரிவது சைடு மிரரில் விட்டு விட்டு எரியும் லைட்தான்.

புது கார்களில் அதே மிரரில் இன்னொரு லைட்டும் வருகிறது. அது வேற, இது வேற. ரெண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

மிரரில் என்னென்ன லைட் இருக்கும்?

1. மிரரின் வெளிக்கூட்டில் இருக்கும் ஆரஞ்சு லைட்: இது இண்டிகேட்டர். மற்றவர்களுக்கானது.

2. கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக எரியும் கார் படம்: இது எச்சரிக்கை லைட். டிரைவருக்கானது. சில கார்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கில் இருக்கும்.

3. மிரருக்கு அடியில் தரையைப் பார்த்து எரியும் லைட்: காரை அன்லாக் செய்ததும் எரியும். இருட்டில் பள்ளம், சேறு இருந்தால் பார்த்துக் கால் வைக்கலாம். அவ்வளவுதான்.

இண்டிகேட்டர் மிரருக்கு எப்படி வந்தது?

முன்பெல்லாம் பக்கவாட்டு இண்டிகேட்டர் முன் டயருக்குப் பக்கத்தில், பாடியில் சின்னதாக இருக்கும். விலை குறைந்த வேரியண்டுகளில் இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1998ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் அதை மிரருக்குக் கொண்டுவந்தது. மிரர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாலும், உயரத்தில் இருப்பதாலும் பக்கத்தில் வருபவருக்குப் பளிச்சென்று தெரியும். பிறகு பல நிறுவனங்களும் இதைப் பின்பற்றின.

மத்திய மோட்டார் வாகன விதி 102ன்படி இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் எரிந்து அணைய வேண்டும். ஸ்டைலுக்காக நீலம், வெள்ளை என்று மாற்றுவது இந்த விதிக்கு எதிரானது. இண்டிகேட்டர் திடீரென்று வழக்கத்தைவிட வேகமாக அடித்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு பல்பு போயிருக்கும்.

கண்ணாடியில் எரியும் கார் படம் என்ன சொல்கிறது?

மிரரை எப்படி வைத்தாலும் காருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் ஒரு இடம் கண்ணுக்குத் தப்பிவிடும். இதைத்தான் ‘பிளைண்ட் ஸ்பாட்’ என்கிறார்கள். ஒரு பைக் முழுசாக மறைந்துவிட அந்த இடம் போதும். திருமங்கலம் பக்கமோ மேலூர் பக்கமோ நான்குவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்ய லேன் மாறும்போது ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இதைக் கவனிக்கப் பின் பம்பரின் ரெண்டு மூலையிலும் ரேடார் இருக்கும். பொதுவாக லைட்டுக்கு அர்த்தம் இதுதான்:

• விட்டு விட்டு எரியாமல் நிலையாக எரிந்தால்: அந்தப் பக்கம் வண்டி இருக்கிறது.

• வேகமாக அடித்து, கூடவே சத்தமும் வந்தால்: வண்டி இருக்கும் பக்கமே நீங்கள் இண்டிகேட்டர் போட்டிருக்கிறீர்கள். திரும்பாதீர்கள்.

• சில மாடல்களில், நிறுத்திய காரின் டோரைத் திறக்கப் போகும்போது பின்னால் வண்டி வந்தாலும் எரியும்.

வால்வோ நிறுவனம் 2001ல் காட்டிய பாதுகாப்பு கான்செப்ட் காரில் இந்த யோசனை இடம்பெற்றது. இந்தியாவில் எம்ஜி ஆஸ்டர், ஹூண்டாய் வெர்னா, கிரெட்டா, கியா செல்டோஸ் போன்ற கார்களின் மேல் வேரியண்டுகளில் இந்த எச்சரிக்கை வசதி கிடைக்கிறது. ஹோண்டா சிட்டியில் வழி வேற: இடது இண்டிகேட்டர் போட்டால், இடது மிரரில் உள்ள கேமரா காட்டும் காட்சி உள்ளே திரையில் தெரியும்.

லைட் எரியவில்லை என்றால் யாரும் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. பம்பரில் சேறு அப்பியிருந்தாலோ, ரேடார் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அது சரியாக வேலை செய்யாது. பல மாடல்களில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால்தான் வேலை செய்யும். நம்ம ஊர் நெரிசலில் சந்துக்குள் புகுந்து வரும் பைக்கை எல்லா நேரமும் அது பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. உங்கள் காரில் எப்படி என்பதை மேனுவலில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாம் செய்யும் ரெண்டு தவறுகள்

முதல் தவறு, மடக்கிய மிரர். மாசி வீதிகளில் இடம் போதாது என்று மிரரை மடக்குகிறோம். வெளியே வந்த பிறகு விரிக்க மறந்துவிடுகிறோம். மடக்கிய மிரரில் பின்னால் வருவது உங்களுக்கும் தெரியாது, உங்கள் இண்டிகேட்டர் பக்கத்தில் இருப்பவருக்கும் சரியாகத் தெரியாது.

ரெண்டாவது, சந்திப்பில் ‘நேரா போறேன்’ என்று சொல்ல டபுள் இண்டிகேட்டர் போடுவது. உங்களுக்கு இடது பக்கம் வருபவருக்கு இடது மிரர் லைட் மட்டும்தான் தெரியும். நீங்கள் இடது பக்கம் திரும்பப் போவதாக நினைத்து அவர் சட்டென்று பிரேக் போடுவார். வலது பக்கம் இருப்பவர் நேர் எதிராக நினைப்பார். டபுள் இண்டிகேட்டர் வண்டி பழுதாகி நிற்கும்போது போடத்தான். நேராகப் போக எந்த லைட்டும் தேவையில்லை.

கிளம்பும் முன் 2 நிமிடம்

• டபுள் இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். மிரர் லைட் ரெண்டும் எரிகிறதா?

• கண்ணாடி, பின் பம்பர் மூலைகளைத் துடைத்துவிடுங்கள்.

• மிரரில் உங்கள் கார் பெரிதாகத் தெரிந்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். பக்கத்து லேன்தான் தெரிய வேண்டும்.

• திரும்பும் முன் இண்டிகேட்டர், மிரர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பைக் ஓட்டுபவர்களுக்கும் ஒரு விஷயம்: காரின் மிரரில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்காமல் முன்னால் போங்கள், இல்லாவிட்டால் பின்தங்கி வாருங்கள்.