பந்தயத் திடலும் பெர்மிட்டும்

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி, இப்போது மூடப்பட்ட குதிரைப் பந்தயத் திடல். கொஞ்சம் தள்ளிப் போனால் சுங்கை காடுட் தொழிற்பேட்டை, வெளிநாட்டு ஊழியர் விடுதிகள். காலம் மாறும்போது உழைப்பவன் கதி என்ன ஆகிறது என்பதற்கு இந்த ஒரு வட்டாரத்திலேயே இரண்டு விதமான பதில்கள் இருக்கின்றன.

1842இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப்பின் குதிரைப் பந்தயம் 1999இல் புக்கிட் தீமாவிலிருந்து கிராஞ்சிக்கு வந்தது. திடலை மூடப்போவதாக 2023 ஜூன் 5 அன்று அறிவித்தார்கள். கடைசிப் பந்தயம் ஓடியது 2024 அக்டோபர் 5. டர்ஃப் கிளப்பின் ஏறத்தாழ 350 ஊழியர்களையும் ஒரே நாளில் வெளியே அனுப்பவில்லை. கட்டம் கட்டமாக ஆட்குறைப்பு, இழப்பீடு, வேலை தேட உதவி என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அதற்கு வெளியே அரசின் உதவியும் உண்டு. நாற்பது வயது தாண்டிய சிங்கப்பூரருக்கு 2024 மே முதல் பயிற்சிக்கென 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடைக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குதிரை நடப்பதைப் பார்த்தே எந்தக் காலில் நோவு என்று சொல்லக்கூடியவர், அந்தக் கண்ணை எந்த வேலைக்குக் கொண்டுபோவார்? ஆனாலும் அடுத்து என்ன படிப்பது, எங்கே சேர்வது என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

விடுதியில் இருப்பவரின் பாதை வேறு. ஊரிலேயே காசு கட்டித் திறன் டெஸ்ட் அடித்து, வேலைக்கான முன் அனுமதிக் கடிதமான ஐபிஏ வந்த பிறகு விமானம் ஏறியவர் அவர். கட்டுமானத்தில் அவர் முதலில் ஆர்2, அதாவது அடிப்படைத் திறன் ஊழியர். அனுபவம் சேர்ந்து, தேர்வு எழுதியோ சம்பள வரம்பை எட்டியோ ஆர்1, அதாவது உயர்திறன் ஊழியர் ஆகலாம். இந்த ஏணியை அரசு அக்கறையோடுதான் கட்டியிருக்கிறது. 2024 ஜனவரி முதல், கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டு ஊழியர் ஆர்2 என்றால் அவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி, ஆர்1 என்றால் 500. ஆள் தேறினால் முதலாளிக்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். அதனால் நல்ல நிறுவனங்கள் தாமாகவே ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புகின்றன.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு தொழிலாளிக்குப் போயாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தேர்வுக்குப் படித்தவர் அவர், பகலெல்லாம் கம்பி கட்டிவிட்டு இரவில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பாடம் பார்த்தவர் அவர். லெவி குறைவது முதலாளியின் கணக்கில்.

வேலை மாறுவதும் தொழிலாளியின் கையில் முழுதாக இல்லை. வேலை பெர்மிட் காலாவதி ஆவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரையிலான இடைவெளியில் புது முதலாளி விண்ணப்பித்தால், பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. மற்ற நேரத்தில் பழைய முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும். காலை லாரியில் ஏறி இரவு திரும்புகிறவர், இந்த மூன்று வாரத்துக்குள் இன்னொரு முதலாளியைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் கூடும் தேக்காவில் நண்பர்களிடம் விசாரிப்பதைத்தான் நம்பியிருக்கிறார். திடல் ஊழியருக்குப் பதினாறு மாதம் கிடைத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குடிமகனையும் வந்து போகிறவரையும் ஒரு நாடு ஒரே மாதிரி நடத்தாது என்பது நியாயமான பதில்தான். ஆனால் 'வந்து போகிறவர்' என்ற சொல்லே இப்போது பொருந்தவில்லை. முன்பு ஆர்2 ஊழியர் 14 ஆண்டு, ஆர்1 ஊழியர் 26 ஆண்டு என்று உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். வயது வரம்பும் 63 ஆகியிருக்கிறது. இருபத்தைந்தில் வருகிறவர் முப்பத்தெட்டு ஆண்டு இங்கேயே உழைக்கலாம்.

அவ்வளவு காலம் ஒருவரை வைத்துக்கொள்வதென்றால், சம்பளம், பிடித்தம் எல்லாம் அவர் மொழியிலேயே எழுதித் தரும் அந்த ஐபிஏ கடிதத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: ஆர்1 ஆனால் சம்பளம் எவ்வளவு கூடும் என்று.