பசிபிக் தீவுகளும் அதிராம்பட்டினத்து மழையும்

தாது வருஷப் பஞ்சம் (1876-78) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை ஏன் பொய்த்தது என்பதற்கு அன்று சரியான பதில் இல்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், அந்தப் பதிலைப் பசிபிக் தீவுகளின் காற்றழுத்தக் கணக்குகளிலும் தேடினார். அங்கே அழுத்தம் குறைந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் கூடுகிறது! பசிபிக்கைச் சூடாக்கும் எல் நினோவும் இதுவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது 1960களில்தான் தெளிவானது.

அதிராம்பட்டினத்துக்கு இதில் ஒரு விசித்திரம் உண்டு. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். குடகில் மழையில்லை என்றால் மேட்டூர் நிரம்பாது. பட்டுக்கோட்டைப் பக்கக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ஆனால் அதே எல் நினோ ஐப்பசி, கார்த்திகை மழையைப் பல சமயம் கூட்டிவிடுகிறது. 1997-லும் 2015-லும் அப்படித்தான் நடந்தது. ஆற்றை நம்பிய வயலுக்கு அந்த மழை ஆறுதல். உப்பளக்காரர்களுக்குத்தான் பாவம், அதுவும் நஷ்டம்.