சாக்கடைச் சேறு மூட்டை உரமான கதை

சாக்கடைச் சேற்றை வயல்ல போடலாமான்னு கேட்டா முகம் சுளிப்போம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் அதை 1926லேயே மூட்டை கட்டி விற்க ஆரம்பிச்சிடுச்சு.

1914ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற ரெண்டு வேதியியலாளர்கள் ஒரு வழி சொன்னாங்க. கழிவுநீருக்குள்ள காற்றை ஊதினா நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்னுடும். தண்ணீர் தெளியும், அடியில் சேறு தங்கும். மில்வாக்கி இதைப் பெரிய அளவில் செய்தது; சேறும் குவிந்தது. அதைக் கடும் சூட்டில் உலர்த்தினாங்க. கிருமி செத்தது, தழைச்சத்து மிஞ்சியது. ‘மிலார்கனைட்’னு பேர் வச்ச அந்த உரம் ஆரம்பத்தில் பெரும்பாலும் கோல்ஃப் மைதானப் புல்லுக்குத்தான் போச்சு.

ஆனா தொழிற்சாலைக் கழிவோட வர்ற காட்மியம், ஈயம் சூட்டுக்கு அடங்காது. மட்கவும் மட்காது. போடப் போட மண்ணில் சேர்ந்துக்கிட்டே போகும். ஆலைகள் தங்கள் கழிவைச் சாக்கடையில் விடும் முன்பே சுத்தம் செய்யணும்னு சட்டம் வந்தது. 1993ல் சேற்று உரத்துக்கு உலோக வரம்பும் போட்டாங்க.

கிருமியைச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கும். உலோகத்தை நகரத்துக் குழாய் வாயிலேயே தடுக்கணும். அங்கே ஊத்துறதுதான் கடைசியில் எங்க மண்ணுக்கு வரும்.