வாடகை சாக்ஸபோன்

ஆல்டோ சாக்ஸபோன் அப்போது க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் முக்கியக் கருவி அல்ல. அவர் அப்போது பெரும்பாலும் டெனார் வாசிப்பவர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் ஆல்பத்தில் கேட்பது ஆல்டோ. அதுவும் வாடகைக்கு எடுத்தது!

1971-இல் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர் தன்னுடைய 'குடு' நிறுவனத்துக்காக ஹாங்க் க்ராஃபோர்டை வைத்து ஓர் ஆல்பம் திட்டமிட்டிருந்தார். பாப் ஜேம்ஸ் எல்லாவற்றையும் ஆல்டோவுக்கென்றே அமைத்து வைத்திருந்தார். க்ராஃபோர்டால் வர முடியவில்லை. அதுவரை பிறர் ஆல்பங்களில் துணைக்கு வாசித்துக்கொண்டிருந்த 27 வயது வாஷிங்டனைக் கூப்பிட்டார்கள். இப்படித்தான் 'இன்னர் சிட்டி புளூஸ்' வந்தது.

அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாளுக்கு அவர் தயாராக இருந்தார். 1943-இல் பஃபலோ நகரில் பிறந்தவர். அப்பா சாக்ஸபோன் வாசிப்பவர், அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ராணுவத்தில் இருந்தபோது டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபமின் நட்பு கிடைத்தது. நியூயார்க் இசைக்காரர்களிடம் அறிமுகம் செய்து வைத்தவர் அவர்தான். பிறகு ஃபிலடெல்ஃபியாவே ஊராகிவிட்டது.

அவர் வாசிப்பில் அவசரம் கிடையாது. 1975-இல் வந்த 'மிஸ்டர் மேஜிக்' பாட்டைக் கேளுங்கள். சுமார் 9 நிமிடம். எரிக் கேல் கிடாரில் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, சாக்ஸபோன் முதலில் பேசுவது மாதிரி மெதுவாகத் தொடங்குகிறது. ஒரு சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து, கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தொடுகிறது. பிறகு படிப்படியாகச் சூடேறி, கடைசியில் கத்துகிறது. தேவாலயத்தில் பாடுகிறவர்கள் உணர்ச்சி ஏற்றும் அதே முறை! அந்த ஆல்பம் ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியல்கள் இரண்டிலும் முதலிடம் பிடித்தது.

விற்றால் திட்டும் வரும் அல்லவா? இது ஜாஸே இல்லை, பின்னணிக்கு ஓடவிடும் சங்கீதம் என்றார்கள் விமர்சகர்கள். பின்னாளில் 'ஸ்மூத் ஜாஸ்' என்று வானொலிகள் விற்ற சரக்குக்கெல்லாம் அவரையே பிதாமகர் ஆக்கினார்கள். கென்னி ஜி தன்னைப் பாதித்தவராக வாஷிங்டனைச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வகையில் பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டது மென்மையை மட்டும். அடியில் இருந்த புளூஸை விட்டுவிட்டார்கள். அதற்கு இவர் என்ன செய்வார்? 1988-இல் 'தென் அண்ட் நவ்' என்று சுத்தமான ஜாஸ் ஆல்பமும் போட்டவர் அவர்.

பெரிய வேடிக்கை 1980-இல் வந்த 'வைன்லைட்' ஆல்பத்தில் இருக்கிறது. அதிலுள்ள 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' 1981-இல் அமெரிக்க பாப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. பாடியவர் பில் விதர்ஸ். ஆல்பத்தில் 7 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டை வானொலிக்காக 4 நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். வெட்டுப்பட்டது பெரும்பாலும் வாத்திய வாசிப்புதான். விளைவு, அதை விதர்ஸின் பாட்டு என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். தட்டில் முதல் பெயர் வாஷிங்டனுடையது!

1999 டிசம்பர் 17 அன்று நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வாசித்துப் பதிவு செய்து முடித்தார். காத்திருப்பு அறையில் இருந்தபோது மாரடைப்பால் சரிந்து விழுந்தார். ஐந்து நாள் முன்புதான் 56 வயது நிறைந்திருந்தது. ஒபரா பாடல்களை சாக்ஸபோனில் வாசித்த 'ஆரியா' ஆல்பம் அடுத்த ஆண்டு, அவர் இல்லாமல் வெளிவந்தது.