சென்னையின் எஃப்சி: தலைமைப் பயிற்சியாளர்கள்

சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் ஆடும் சென்னை அணி. 2014-இல் தொடங்கப்பட்டது. 2015-லும் 2017-18 சீசனிலும் கோப்பையை வென்றது; 2019-20-இல் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. மூன்று முறையும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் வேறு வேறு ஆள். 2014 முதல் 2025 வரை அப்பொறுப்பில் ஏழு பேர் முழு நியமனம் பெற்றனர். அவர்களில் ஒருவர் இருமுறை வந்தார். இடைக்காலப் பொறுப்பு வகித்த உள்ளூர்க்காரர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். ஆனால் அணியின் வரலாற்றில் அவருக்கு உரிய இடம் கீழே தரப்படுகிறது.

அணியின் பெயர் வேற்றுமை உருபோடு நின்றுவிடுகிறது. ‘சென்னையின்’ என்பதற்கு அடுத்து என்ன சொல் வரவேண்டும் என்பதை ரசிகர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். ‘மரீனா மச்சான்ஸ்’ என்பது செல்லப்பெயர். சின்னத்தில் இருப்பது, புது வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் சாயலில் வரைந்த முகம்.

முன்வரலாறு

சென்னையில் கால்பந்துக்கு நெடிய மரபு உண்டு. பெரியமேட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் 1993-இல் நேரு கோப்பைத் தொடரை நடத்தியது. இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் ஆடியது. வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

மத்தெராத்சி காலம் (2014–2017)

முதல் தலைமைப் பயிற்சியாளர் இத்தாலியைச் சேர்ந்த மார்கோ மத்தெராத்சி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்குத் தலையால் முட்டிச் சமன் கோல் அடித்தவர். அதே ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிதேன் தலையால் முட்டியதும் இவர் மார்பில்தான். 2011-இல் இன்டர் மிலானை விட்ட பிறகு இவருக்குக் கிடைத்த முதல் பயிற்சியாளர் வேலை சென்னை. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் பொறுப்பேற்றார்.

இத்தாலியர் ஒருவர் தமிழ்நாட்டில் ஆசானாக அமர்வது புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் தங்கி, கிறித்தவ மறையாசிரியர்களான வேதியர்களுக்குத் தமிழ் கற்பித்தார். முப்பது ஆண்டுகள் அளவுக்குத் தமிழகத்தில் வாழ்ந்தார். கால்பந்துப் பயிற்சியாளருக்கு அப்படிப்பட்ட காலம் கிடைப்பதில்லை. தொடக்க கால ஐஎஸ்எல் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். பத்து வாரத்தில் அணியைச் சேர்த்து, பழக்கி, ஆடி, கலைத்துவிடவேண்டும்.

2014-இல் அணி லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரேசிலின் எலானோ 8 கோலுடன் தங்கக் காலணி பெற்றார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் 0–3 எனத் தோற்ற அணி, சென்னையில் மூன்று கோலையும் திருப்பி அடித்தது. கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அடித்த ஒரு கோலால் வெளியேறியது. அந்த ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கிக் களத்தை விட்டு வெளியேறியவர் பயிற்சியாளர் மத்தெராத்சிதான்.

2015 சீசன் பாதிக்கு மேல் கைவிட்டுப்போனதாகவே தோன்றியது. முதல் பத்து ஆட்டங்களில் 10 புள்ளி. எஞ்சிய நான்கையும் வென்று அணி அரையிறுதிக்குள் நுழைந்தது. அதற்குள் சென்னையில் வெள்ளம். சொந்த மண் ஆட்டத்தைப் புனே பாலேவாடிக்கு மாற்றவேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3–0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் எஃப்சி கோவாவுடன் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் ஃப்ரீகிக்கில் கோவா 2–1 என முந்தியது. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கையில் பட்டுச் சேம்சைடு கோல். இஞ்சுரி டைமில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். வீடுகளில் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்த நாட்களில் சென்னைக்குக் கிடைத்த கோப்பை அது. அதன் பெருமையில் மெண்டோசாவின் 13 கோலுக்கு எவ்வளவு பங்கு, பயிற்சியாளருக்கு எவ்வளவு என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. 2016-இல் அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 2017 மார்ச்சில் மத்தெராத்சி விலகினார்.

கிரெகரியிலிருந்து கோய்ல் வரை (2017–2020)

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. ஆஸ்டன் வில்லாவை 2000-ஆம் ஆண்டு எஃப்ஏ கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றவர். அவர் வந்த சீசனில் தொடர் ஐந்து மாதமாக நீண்டது. களத்தில் இறங்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. இதனால் இந்திய ஆட்டக்காரர்களின் தரமே அணியின் உயரத்தைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. நடுக்களத்தில் அனிருத் தாபாவும் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷும் முக்கியமானவர்கள்.

லீக்கில் இரண்டாம் இடம். அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4–1 என வென்றார்கள். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் இறுதி ஆட்டம். எதிரணி பெங்களூரு எஃப்சி, அவர்கள் மண், அவர்கள் கூட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் அடித்தார். பிறகு பின்கள ஆட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். 67-ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். முடிவு 3–2.

அடுத்த சீசனில் அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். 18 ஆட்டங்களில் இரண்டு வெற்றி, மூன்று டிரா, 13 தோல்வி. 9 புள்ளியுடன் கடைசி இடம். சாம்பியனாக இருந்த அணி அடுத்த ஆண்டே பட்டியலின் அடியில் கிடந்தது. தனபால் கணேஷின் முழங்கால் காயத்தைச் சிலர் காரணமாகச் சொல்வர். முன்கள ஆட்டக்காரர் ஜெஜேவின் கோல்கள் வற்றியதைச் சிலர் சொல்வர். இரண்டையும் ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் நிர்வாகம் கிரெகரியை விடவில்லை. 2019 கோடையில் அதன் பலன் ஓரளவு தெரிந்தது: சூப்பர் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை சென்று கோவாவிடம் 1–2 எனத் தோற்றார்கள். ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பைத் தகுதிச் சுற்றில் கொழும்பு எஃப்சியை வென்று, குழுவில் டாக்கா அபஹானிக்கு அடுத்த இடம் பிடித்தார்கள். அந்தத் தொடரின் சொந்த மண் ஆட்டங்கள் அகமதாபாதில் நடந்தன.

2019-20 சீசனுக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ முழுவதுமாக மாறினார்கள். லித்துவேனியாவின் நெரியுஸ் வல்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, ருமேனியாவின் லூசியன் கோயான், ஆப்கானிஸ்தானின் மசீஹ் சைகானி ஆகியோர் வந்தனர். முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 25, சென்னையில், ஹைதராபாத் அணியோடு. தொண்ணூறு நிமிடம் முடிந்தும் 0–0. இஞ்சுரி டைமின் இரண்டாவது நிமிடத்தில் ஷெம்ப்ரி அடித்தார். அந்த சீசனில் அணியின் முதல் கோல் அதுதான். நான்காவது நிமிடத்தில் ஹைதராபாத் சமன் செய்தது. ஐந்தாவது நிமிடத்தில் வல்ஸ்கிஸ் அடித்து 2–1 ஆக்கினார். நான்கு நிமிடத்துக்குள் மூன்று கோல். அந்த வெற்றியும் கிரெகரியைக் காப்பாற்றவில்லை. அடுத்து ஒடிசாவுடன் 2–2 டிரா; நவம்பர் 30 அன்று அவர் பொறுப்பு முடிவுக்கு வந்தது. இரு தரப்பும் பேசிப் பிரிந்ததாக அறிவிப்பு வந்தது. அவரே விலகினாரா, விலகச் சொன்னார்களா என்பதில் இருவிதக் கருத்து நிலவுகிறது.

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர். 2009-இல் பர்ன்லி அணியைப் பிரீமியர் லீக்குக்கு உயர்த்தியவர். புது ஆட்டக்காரர் யாரையும் கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. இருந்தவர்களை வைத்தே பந்தை வேகமாக முன்னே தள்ளினார். முன்களத்தில் வல்ஸ்கிஸ், ஷெம்ப்ரி, கிரிவெல்லாரோ, லாலியன்சுவாலா சாங்டே நால்வரையும் சேர்த்து இறக்கினார். முதல் மாதம் மேடும் பள்ளமுமாகவே போயிற்று. கோவாவிடம் 3–4, ஒடிசாவிடம் 0–2. ஜனவரி 6-க்குப் பிறகு லீக்கில் ஒரு தோல்வியும் இல்லை. பிப்ரவரி முதல் நாள் கொச்சியில் கேரளாவை 6–3 என வென்றார்கள். 2014 அரையிறுதியை நினைவில் வைத்திருந்த ரசிகர்களுக்கு அந்த ஒன்பது கோல் ஆட்டம் தனியான நிறைவு. மும்பையை 1–0 என வென்றதும் பிளே ஆஃப் இடம் உறுதியானது. ஆறு ஆட்டங்களில் 5 புள்ளியுடன் கிரெகரி விட்டுச்சென்ற அணி, கோய்லிடம் பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளி எடுத்தது.

அரையிறுதியில் கோவாவை 4–1 என வென்று, பின் 2–4 எனத் தோற்று, மொத்தம் 6–5 என இறுதிக்குச் சென்றார்கள். 2020 மார்ச் 14 அன்று ஃபதோர்டாவில் இறுதி ஆட்டம். கொரோனா அச்சத்தால் பார்வையாளர் யாரும் அனுமதிக்கப்படவில்லை. ஆளில்லாத இருக்கைகளுக்கு நடுவே கொல்கத்தாவின் ஏடிகே 3–1 என வென்றது. வல்ஸ்கிஸ் 15 கோலுடன் தங்கக் காலணி பெற்றார்.

அந்த எழுச்சியின் பெருமை யாருக்கு என்பது இன்றும் பேசப்படுவது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தது கிரெகரி காலத்தில், ஆடவைத்தது கோய்ல். ஓர் ஆளை மாற்றியதால் மட்டும் அது நிகழவில்லை என்பதே இத்தொகுப்பாளரின் எண்ணம். இரண்டு பயிற்சியாளர்களுக்கும் கீழே உதவிப் பயிற்சியாளராக இருந்து ஆட்டக்காரர்களின் கைபிடித்தவர் சையத் சபீர் பாஷா.

சபீர் பாஷா

சென்னைக்காரர். இந்தியன் வங்கிக்கும் 1990-களில் இந்தியாவுக்கும் முன்களத்தில் ஆடியவர். பின்னர் வங்கி அணிக்குப் பயிற்சி அளித்தார். சென்னையின் எஃப்சியில் கிரெகரி, கோய்ல், அவருக்குப் பின் வந்த லாஸ்லோ, பண்டோவிச் எனத் தலைமை மாறிக்கொண்டே இருந்தபோதும் பெஞ்சில் மாறாமல் இருந்தவர் இவர். ஐஎஸ்எல் அணிகளின் தலைமைப் பயிற்சியாளருக்கு ஆசியக் கூட்டமைப்பின் மிக உயர்ந்த உரிமம் வேண்டும் என்பது விதி; அதைப் பெற்ற இந்தியர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால் உள்ளூர் அறிவு உதவிப் பயிற்சியாளர் இடத்திலேயே தங்கியது. 2022 பிப்ரவரியில் நடு சீசனில் தலைமை காலியானபோது எஞ்சிய ஆட்டங்களை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. சீசன் முடிந்ததும் அடுத்த வெளிநாட்டவர் வந்தார்.

மூன்று பேர், மூன்று சீசன் (2020–2023)

கோய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கே 2021-22-இல் லீக் ஷீல்டு வென்றார். வல்ஸ்கிஸும் ஜம்ஷெட்பூருக்கே போனார். கோய்லின் இடத்துக்கு ஹங்கேரியின் சபா லாஸ்லோ வந்தார். கொரோனாவால் தொடர் முழுவதும் கோவாவிலேயே நடந்தது. அணித்தலைவர் கிரிவெல்லாரோ காயத்தால் சீசன் நடுவே வெளியேறினார். 20 ஆட்டங்களில் 11 டிரா, எட்டாம் இடம். அடுத்து, தாய்லாந்தின் புரிராம் அணியோடு இரண்டு லீக் பட்டம் வென்றிருந்த மாண்டினீக்ரோவின் போஷிதார் பண்டோவிச். கோவாவிடம் 0–5 எனத் தோற்ற மறுநாள் அவர் நீக்கப்பட்டார். மீண்டும் எட்டாம் இடம். 2022-23-இல் ஜெர்மனியின் தோமாஸ் பிர்தாரிச்; அவரும் எட்டாம் இடமே.

மூன்று பேரும் ஒரு சீசனுக்கு மேல் நிலைக்கவில்லை. ஐஎஸ்எல்லில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அபாயம் அந்த ஆண்டுகளில் இல்லை. எட்டாம் இடத்துக்குத் தண்டனை ஏதும் கிடையாது. பொறுத்திருக்க வாய்ப்பு இருந்தும் பொறுக்காதது அணியின் பெரிய இழப்பு. களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை நான்காகக் குறைந்த காலம் அது. இந்திய இளைஞர்களை இரண்டு மூன்று ஆண்டு ஒரே கையில் வளர்க்கவேண்டிய நேரத்தில், ஆண்டுக்கு ஒருவர் வந்து முதலிலிருந்து தொடங்கினார். ஒப்பிடத்தக்க வேறு வழியும் தமிழ்நாட்டிலேயே இருந்தது: கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களோடு 2018-19 ஐ-லீக்கை வென்றது.

2023-க்குப் பின்

கோய்ல் 2023-இல் திரும்பினார். முதல் சீசனில் ஆறாம் இடம் பிடித்து பிளே ஆஃப் சென்ற அணி கோவாவிடம் 1–2 எனத் தோற்றது. 2024-25-இல் 11-ஆம் இடம். 2025-இல் அவர் விலகினார். அதே கோடையில் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல்லை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-இல் செய்த பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்த சீசன் நடக்குமா என்றே தெரியாத நிலையில், சென்னையின் எஃப்சி ஆகஸ்டில் தன் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. பின்னர் கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய நடுக்கள ஆட்டக்காரர் கிளிஃபர்ட் மிராண்டா தலைமைப் பயிற்சியாளரானார். 2023-இல் ஒடிசா எஃப்சிக்கு இடைக்காலப் பயிற்சியாளராக இருந்து சூப்பர் கோப்பை வென்றுதந்தவர். சென்னையின் எஃப்சியில் இப்பொறுப்புக்கு முழு நியமனம் பெற்ற முதல் இந்தியர் இவரே.