தப்புச் சத்தம் கேட்காதவர்கள்: மலையகத்தில் வாய், மெஷின், கை

மலையகத் தோட்டங்களின் வரலாறு ஒரு வகையில் சத்தங்களின் வரலாறு. விடியுமுன் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு. ஃபெக்டரியில் சங்கு. மலையில் கங்காணியின் அதட்டல். மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடும் பேர். மாசி வந்தால் காமன்கூத்துக்கு மறுபடியும் தப்பு. இதில் ஒரு சத்தம்கூடக் கேட்காமல் இதே லயங்களில் பிறந்து, கொழுந்தெடுத்து, செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் படித்த மலையக வரலாற்றில் அவர்களைக் காணவில்லை.

எங்களில் ஒருவரின் பெரியம்மா அப்படிப்பட்டவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். செக்ரோலில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. லயத்தில் எல்லாருக்கும் அவர் 'ஊமச்சி'தான். போன வருஷம் அதே லயத்தில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. தாய் எங்களிடம் கேட்டார்: "மெஷின் போடுறதா, பேசப் பழக்குறதா, இல்ல கை பாஷையா? நீங்க படிச்ச புள்ளைங்க, சொல்லுங்க."

நாங்கள் படிப்பது கலைப்பீடத்தில், மருத்துவ பீடத்தில் இல்லை. எங்களுக்குத் தெரிந்த வழி, இந்தக் கேள்விக்கு இதுவரை யார் யார் பதில் சொன்னார்கள் என்று தேடுவதுதான்.

முதல் பெரிய பதில் 1880 செப்டெம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்தில் வந்தது. காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாடு. அங்கே வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். பேச்சுதான் உயர்ந்தது, வகுப்பறையில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது இங்கே இலைநோயால் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. எங்கள் பாட்டன் பூட்டன்கள் அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிலான் எங்கே, மலை எங்கே? ஆனால் அந்தத் தீர்மானம் நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பாடசாலைகளை ஆட்டிப்படைத்தது. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு வாயை அசைக்கப் பழகிய பிள்ளைகள், விடுதியில் இரவில் கையால் கதை பேசி அந்த மொழியைக் காப்பாற்றினார்கள். சைகை வெறும் பாவனை இல்லை, இலக்கணமுள்ள மொழி என்று அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் எழுதிக் காட்டினார். மிலான் தீர்மானங்கள் தவறு என்று அந்த மாநாட்டு வரிசையே ஒத்துக்கொண்டது 2010இல், கனடாவின் வன்கூவரில்.

இலங்கையில் காது கேளாதோருக்கான பாடசாலையை 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரி தொடங்கினார். அது பிறகு இரத்மலானையில் நிலைத்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது 1956இல், அதாவது சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே வருஷம். ஆக, ஒன்று கொழும்புப் பக்கம், ஒன்று வடக்கே. நடுவில் மலை. ஹட்டனிலிருந்து கைதடிக்குப் போக கண்டி, வவுனியா, கிளிநொச்சி எல்லாம் தாண்ட வேண்டும். 1990இல் போர் மறுபடி மூண்ட பிறகு 2002 வரைக்கும், பிறகு 2006இலிருந்து 2009 வரைக்கும் ஏ9 பாதை மூடியே கிடந்தது. அந்த வருஷங்களில் ஒரு தோட்டத்துத் தாய் எந்தத் தைரியத்தில் ஐந்து வயதுப் பிள்ளையை அங்கே அனுப்புவார்?

காது கேட்ட பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1907இல் வந்த கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் மேல் போட்டது. நடைமுறையில் அது பல இடங்களில் ஒரு மடுவம், ஒரு வாத்தியார். அந்தப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அப்படிப்பட்ட இடத்தில் காது கேட்காத பிள்ளைக்கு யார் இடம் கொடுத்திருப்பார்கள்?

பெரியம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் மொழி இல்லாமல் இருக்கவும் இல்லை. தலையில் தொப்பி வைப்பதுபோல் காட்டினால் துரை. விரலால் பேனா பிடித்து எழுதுவதுபோல் காட்டினால் கணக்கப்பிள்ளை. கொக்கியில் கூடையை மாட்டுவதுபோல் காட்டினால் நிறுவை. இதையெல்லாம் அவரும் அவருடைய அக்காவும் சின்ன வயதிலேயே உண்டாக்கிக்கொண்டார்களாம். அக்காதான் பெரட்டுக்கு எழுப்புவார், கங்காணி சொன்னதைக் கையால் சொல்வார், சம்பளத்தில் குறைந்தால் இவருக்காகச் சண்டை போடுவார்.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. அக்கா குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அந்தக் கோச்சியில் அக்கா போனார், நீலகிரிப் பக்கம். மற்றவர்களுக்கு உறவு பிரிந்தது. பெரியம்மாவுக்கு மொழியே பிரிந்தது. வாயால் பேசுகிறவர்கள் கடிதம் எழுதலாம், இல்லாவிட்டால் யாரையாவது பிடித்து எழுதச் சொல்லலாம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கைமொழியை எந்தத் தபாலில் அனுப்புவது? அக்கா போன பிறகு பெரியம்மா 'ரொம்ப அடங்கிப்போனாள்' என்று குடும்பத்தில் சொல்வார்கள். அவர் அடங்கவில்லை. அவரோடு பேச ஆளில்லாமல் போனது.

இனி அந்தத் தாய் கேட்ட மூன்று வழிகளுக்கு வருவோம்.

பேச்சு பழக்கலாம். ஆனால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது சாதாரண வேலை இல்லை. கண்ணாடி முன் நின்று 'படம்', 'மடம்' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரித்தான் போகும். க, ங எல்லாம் உள்ளே பிறக்கும், வெளியே தெரியாது. தமிழில் பழகின பிள்ளை பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்கள உதடுகளையும் படிக்க வேண்டும். மெஷின் சிலருக்கு நன்றாக உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது சத்தத்தைக் கூட்டித் தரும். காது முழுசாகக் கேட்காதவருக்குச் சொல்லைப் பிரித்துத் தராது. சின்ன பெட்டரி ஒன்றிரண்டு வாரத்தில் தீரும். பிள்ளை வளர வளரக் காதில் வைக்கும் அச்சை மாற்ற வேண்டும். நுவரெலியா மழையும் பனியும் அதற்கு எதிரி. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு நாள் பேர் போச்சு.

கைமொழிக்கு பெட்டரி வேண்டாம். ஆனால் ஆள் வேண்டும், இரண்டு பேர் போதாது என்பதைப் பெரியம்மாவின் வாழ்க்கை காட்டுகிறது. லயமே பழக வேண்டும், பள்ளிக்கூடம் பழக வேண்டும், பெரிய காது கேளாதோர் சமூகத்தோடு தொடர்பு வேண்டும். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை, பிள்ளைகள் சைகைமொழி கற்க வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. அந்தக் கடமை இன்னும் மலையேறி லயத்துக்கு வரவில்லை.

அதனால் நாங்கள் அந்தத் தாயிடம் சொன்னது இதுதான்: "மெஷின் கெடச்சா போடுங்க. பேச்சும் பழக்கிப் பாருங்க. ஆனா அது ரெண்டும் பலிக்குதான்னு பாத்துட்டு கடைசியா கைமொழிக்கு வரலாம்னு காத்திருக்காதீங்க. மொழி பிடிக்கிற வயசு இதுதான், போனா திரும்பாது. கைமொழிய இன்னைக்கே தொடங்குங்க, நீங்களும் சேந்து படிங்க." பேச்சு தோற்றால்தான் கைமொழி என்ற வரிசை மிலானில் காது கேட்டவர்கள் போட்ட வரிசை. நாம் ஏன் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு யாரு சொல்லித் தருவா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. தோட்டத் தொழிற்சங்கங்களிடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை: பெரியம்மாவின் சைகைகளில் குடும்பத்துக்கு ஞாபகம் இருப்பதை வீடியோ எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினேழு கிடைத்திருக்கிறது. உங்கள் லயத்திலும் ஒரு 'ஊமையன்', ஒரு 'ஊமச்சி' இருந்திருப்பார்கள். அவர்களுடைய உண்மையான பேர் என்ன, அவர்கள் கை என்ன சொன்னது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.