பாங்காக்கு நகரில் ஒரு பகல்

சென்ற விடுமுறையில் தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கிற்குச் சென்று, ஒரு பகல் முழுதும் அந்நகரத்துக் கோயில்களைக் கண்டு மீளும் பேறு எளியேனுக்கு வாய்த்தது. முன்னர்ச் சயாம் என வழங்கிய அந்நாட்டில் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வங்களைக் கணக்கெடுத்து வருவேன் என்னுஞ் செருக்கோடு சென்றேன். கணக்கு வேறுவகையாய் முடிந்தது. அதனை உள்ளவாறே ஈண்டு உரைப்பேன்.

அயோத்தியின் பெயர் தாங்கிய அயுத்தயா என்னும் பழைய தலைநகர் 1767-ஆம் ஆண்டிற் பர்மியர் படையால் அழிந்தது. பின்னர் அரசிருக்கை சிலகாலம் தோன்புரியில் இருந்தது. 1782-ஆம் ஆண்டு, பிற்காலத்தார் முதலாம் இராமர் என எண்ணும் வேந்தர் சாவோ பிராயா ஆற்றின் கீழ்க்கரையிற் புதுநகர் கண்டனர். அந்நாட்டார் அதனைக் குருங் தேப் என்பர். தேவநகர் என்பது பொருள். அதன் மிக நீண்ட முழுப்பெயரில் இந்திரனும் விசுவகர்மனும் இடம்பெறுகின்றனர்.

காலையில் அரண்மனையை அடுத்த வாட் பிரா கேயோ என்னுங் கோயிலுட் புக்கேன். மரகதப் புத்தர் எனப் புகழ்பெற்ற பச்சைக்கல் திருவுருவம் 66 செண்டிமீட்டர் உயரமே உடையது. கோடை, மழை, பனி என மூன்று பருவத்திற்கும் ஆடை மாற்றுதல் அரசர்க்குரிய கடமை. கோயிலைச் சூழ்ந்த திருச்சுற்றில் இராமகாதை 178 ஓவியங்களாய்த் தீட்டப்பெற்றுள்ளது. இராமகியேன் என்பது அவர்கள் காவியப் பெயர். இலக்குவன் அங்கே பிரா லக். சீதை நாங் சீடா. தசகண்டனாகிய இராவணன் தோட்சகான். இலக்கணம் கற்பித்துப் பழகிய என் செவிக்கு இவை சிதைந்த சொற்களாகவே பட்டன, உள்ளுக்குள் நகைத்தேன். அனுமன் இராவணன் மகளாகிய பொன்மீன் மங்கையைக் காதலிப்பது கண்டபோது நகை திகைப்பாயிற்று. அருகே ஒரு மூதாட்டி தன் பெயர்த்திக்கு ஓவியந்தோறும் விரல் காட்டிக் கதை சொல்லிச் சென்றாள். அவள் கையில் நூல் ஒன்றும் இல்லை.

அடுத்துக் கண்டது வாட் போ. ஆங்குப் பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளமுடையவர். அவர்தம் உள்ளங்கால்களில் 108 மங்கலக் குறிகள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டுள்ளன. எனினும் ஆசிரியனாகிய என்னை ஈர்த்தவை அக்கோயிலின் கல்வெட்டுகளே. மூன்றாம் இராமர் மருத்துவம், உடல் பிடித்துவிடும் முறை, செய்யுள் முதலிய கல்விகளைக் கல்லிற் பொறித்து, வந்தார் யாவரும் கற்க வைத்தனர். யுனெஸ்கோ 2011-இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

பிற்பகல் ஓடமேறி அக்கரையிலுள்ள வாட் அருண் சேர்ந்தேன். சூரியன் தேர்ப்பாகனாகிய அருணன் பெயரால் அமைந்த அவ்வோங்கிய தூபி பீங்கான் துண்டுகளாற் பூவேலை செய்யப்பெற்றது. வாயில் காக்கும் பூதங்கள் இரண்டனுள் பச்சைநிறத்தது யாதென வினவினேன். தோட்சகான் என்றனர். புத்தர் கோயிலுக்கு இராவணன் காவல்!

மாலையிற் சாவோ சிங் சா என்னும் பேரூசலை அடைந்தேன். செந்நிறத் தேக்குத் தூண்கள் 21 மீட்டர் உயர்ந்து நிற்கின்றன. பழந்தூண்கள் நைந்தமையின் 2007-இற் புதியன நாட்டினர். மார்கழி, தைத் திங்களை ஒட்டிய திரியம்பவாய்–திரிபவாய் விழாவில் இங்கே ஊசலாடி, உயரக் கட்டிய பொற்கிழியைப் பல்லாற் கவ்வுவர். உயிர்ச்சேதம் நேர்ந்தமையின் அவ்வாட்டம் 1935-இல் நின்றது. வழிபாடு மட்டும் அருகிலுள்ள தேவஸ்தானத்தில் நிகழ்கின்றது. 1784-இல் எழுந்த அக்கோயிலிற் சிவபெருமானுக்கும், விநாயகருக்கும், திருமாலுக்கும் தனித்தனிச் சந்நிதிகள் உள. விழாப் பெயர் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபென்று அறிஞர் கூறுவர். அரண்மனை அந்தணர் திருவெம்பாவைப் பாடல்களைப் பொருள் அறியாமலே, ஒலியுந் திரிந்த நிலையில், வழிவழியாய் ஓதிவருகின்றனர்.

யான் சென்றது விழாக்காலம் அன்று. அடைத்த சந்நிதியின் முன் நின்றபோது, காலையில் நகைத்த நகை நினைவிற்கு வந்து நாணினேன். எங்கள் ஊரில் மார்கழி வைகறையிற் சிறுவரைக் கூட்டித் திருவெம்பாவை பாடி வலம்வந்தவன் யானே. பனி ஆகாதென்று ஒராண்டு நிறுத்தினேன். மறுவாண்டு எவரும் வினவவில்லை. அவ்வளவில் அஃது ஒழிந்தது. வகுப்பறையில் அப்பாடல்களுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் இன்றளவும் தவறாது சொல்லி வருகின்றேன். பொருளறியாத அவர்பால் ஓதல் உளது. பொருளறிந்த என்பால் உரை மட்டுமே உளது.

ஆகவே, அந்நகரத்துச் செல்வங்களை நம்முடையன என்று எழுத என் கை கூசுகின்றது. வித்து எங்கிருந்து சென்றதாயினும், நீர் வார்த்தவர்கள் அவர்களே. அம்மூதாட்டியிடம் சென்று இராமன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருப்பின், தன் வீட்டுப் பிள்ளை என்றே சொல்லியிருப்பாள். அதனை மறுக்க யார்க்கு உரிமையுண்டு?

வருகின்ற மார்கழி முதல்நாள் வைகறையில், கேட்பார் இருப்பினும் இலராயினும், எங்கள் தெருமுனையில் யான் நிற்பேன். நும் பிள்ளைகளையும் அனுப்பிவைப்பீராக.